கார்புரேட்டரோடு விடுவதா, எஞ்சினைப் பிரிப்பதா?

கோபிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில், அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) எஸ்டி (Yezdi) ரோட்கிங் பைக் பதினைந்து வருஷமாகத் தேங்காய் மட்டைகளுக்கு நடுவே கிடந்தது. மைசூரில் செய்த 250 சிசி டூ ஸ்ட்ரோக். அந்தக் கம்பெனி 1996-லேயே மூடிவிட்டது.

சுலபமான வழி: டேங்கைக் கழுவி, கார்புரேட்டர் ஜெட்டை ஊதி, பிளக்கில் பொறி வரவைக்கும் காண்டாக்ட் பாயிண்ட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, புது பிளக் போட்டு உதைப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் அதைத்தான் செய்தேன். ஏழாவது உதையில் எழுந்தது. ஆனால் சூடானதும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, சீல் போயிருக்குதுங்க, ஓட்டாதீங்க" என்றார் மெக்கானிக்.

அப்புறம் எஞ்சினைப் பிரிக்கும் இரண்டாவது வழிதான். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் கலந்த பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் போகிறது. அங்குள்ள ரப்பர் ஆயில் சீல்கள் வண்டி நின்றே காய்ந்துவிடும். அந்த வழியாக வெளிக்காற்று நுழைந்தால் கலவையில் பெட்ரோல் குறையும். அதோடு கலந்த எண்ணெயும் குறையும். கடைசியில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனாலோ கியர் ஆயிலையே உறிஞ்சிப் புகையாகக் கக்கும். கழற்றிய சீலை விரலால் வளைத்தேன். கண்ணாடி வளையல் மாதிரி டக்கென்று ஒடிந்தது.

செலவு, காத்திருப்பு எல்லாம் இதில் அதிகம்தான். புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக், அதில் கலவை கிராங்க் அறைக்குள் போவதில்லை; அதனால் ஆயிலை மாற்றி முதல் வழியிலேயே தொடங்கலாம். எஸ்டிக்கு நான் இனி அந்தச் சூதாட்டம் ஆடமாட்டேன்.