விரல்நுனி ஆக்ஸிமீட்டர்: கறுத்த தோலில் எவ்வளவு நம்பலாம்?

மருந்துக்கடையில் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கும், ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்று காட்டும் விரல்நுனி பல்ஸ் ஆக்ஸிமீட்டரை வாங்கலாமா? ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), இதயச் செயலிழப்பு உள்ளவர் இருக்கும் வீடு என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது எந்தப் பக்கம் தவறும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நம்மில் பெரும்பாலோரின் தோல் நிறத்துக்கு அது தவறுவது ஆபத்தான பக்கத்தில். ஆக்ஸிஜன் குறைந்திருக்கும்போதும் ‘பரவாயில்லை’ என்று காட்டிவிடும்.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியது. ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். இவை மருத்துவமனைக் கருவிகள், கடையில் விற்கும் கிளிப் அல்ல என்பதைக் கவனியுங்கள். கருவி செலுத்தும் ஒளியை விழுங்குவது தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின். ஆகவே தோல் கறுத்த எவரும் இதை அடுத்தவர் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

கருவிக்குள் நடப்பது இதுதான்: 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடந்து வருகின்றன. நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கருவி கணக்கிடுகிறது. அந்த விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணை, ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஆக்ஸிஜனைப் படிப்படியாகக் குறைத்து அளந்து உருவாக்கியது. எவரையும் 70-க்குக் கீழே இறக்கிச் சோதிப்பதில்லை. எனவே 70-க்குக் கீழே திரையில் வருவதெல்லாம் ஊகம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2013 வழிகாட்டியில் இந்தச் சோதனைக்குக் கேட்டது குறைந்தபட்சம் 10 பேரை. அவர்களில் கறுத்த தோலுடையவர் 2 பேர் இருந்தால் போதும் என்றது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில்தான் இந்த எண்ணிக்கையை 150-க்கு உயர்த்தி, பலவகைத் தோல் நிறத்தவரையும் சேர்க்கச் சொன்னது. இவ்வளவு காலம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

விகிதம் 1-க்கு அருகே வந்தால் திரையில் ஏறத்தாழ 85 வரும். கை நடுங்கினாலோ விரல் சில்லிட்டிருந்தாலோ இரண்டு ஒளியிலும் ஒரே அளவு இரைச்சல் கலந்து விகிதம் 1-ஐ நோக்கிப் போகும். மூச்சுத் திணறாமல் பேசிக்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று 85 காட்டினால் முதலில் விரலைச் சூடாக்கி மறுபடி பாருங்கள். அதற்காகவே, எண் மட்டும் காட்டும் மாடலை விட்டுவிட்டு, நாடி அலையையும் பிஐ அளவையும் (விரலில் நாடித் துடிப்பின் சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை) காட்டும் மாடலை எடுங்கள். அலை ஒழுங்காக ஏறி இறங்காதவரை எண்ணுக்கு மதிப்பில்லை.

அளக்கும் முறை: ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வு. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு வேண்டாம், குறிப்பாகக் கறுப்பும் நீலமும். சிவந்த மருதாணி பெரும்பாலும் தொந்தரவில்லை. கறுப்பாகப் பிடித்த மெஹந்தி சிக்னலையே மறைக்கலாம், அது படாத விரலில் மாட்டுங்கள். நேர் வெயில் கூடாது. அதே கையில் பிபி பட்டையும் கூடாது. கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள். திரையின் நாடி எண்ணும் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணியதும் ஒத்துப்போகவில்லையென்றால் ஆக்ஸிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

திரையைத் தலைகீழாகப் படிப்பதும் உண்டு: 98 தலைகீழில் 86. நாடித் துடிப்பான 92-ஐ ஆக்ஸிஜன் என்று போனில் மருத்துவரிடம் சொல்லிவிடுவதும் உண்டு.

பெட்டியில் ‘±2%’ என்று போட்டிருப்பதன் பொருள், மூன்றில் இரண்டு அளவீடுகள் அந்த எல்லைக்குள் இருக்கும் என்பதுதான். 94 என்று வந்தால் உண்மை 90 ஆகவும் இருக்கலாம். அதனால் ஒற்றை எண்ணைவிட, உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் அதே விரலில் எடுத்துக் குறித்துவைத்த அளவு பெரிய துணை. வழக்கமாக 98 காட்டுபவருக்கு 94 வந்து அங்கேயே நின்றால், அந்த நான்கு புள்ளி இறக்கத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். உதகை உயரத்தில் சில புள்ளி குறைவது இயல்பு. சிஓபிடி நோயாளிகளில் சிலருக்கு 88–92 தான் இலக்கு. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவியால் முடியாதவை இரண்டு. மூடிய அறையில் கரி எரிந்தோ ஜெனரேட்டர் ஓடியோ கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறியவருக்கும் இது 98 காட்டும், ஏனென்றால் அந்த வாயு ஏறிய ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் ஏறியதிலிருந்து இதற்குப் பிரிக்கத் தெரியாது. கடும் ரத்தசோகையிலும் 98 காட்டும்; ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதை இது அளப்பதே இல்லை. இந்த இரு நிலையிலும் தலைவலி, மயக்கம், மூச்சிரைப்பு சொல்வதைக் கேளுங்கள், திரையை அல்ல.

தரத்தைப் பொறுத்தவரை, சான் பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்ட சோதனையில் மலிவான ஆறு மாடல்களில் இரண்டுதான் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அளவில் தேறின. வாங்கும்போது பெட்டியில் இறக்குமதி அல்லது தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு பென்சிலை மாட்டிப் பாருங்கள். அதற்கும் அசையாத 98 காட்டினால் திருப்பிக் கொடுங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு இதற்கு 70 சதவீத லாப உச்சவரம்பு விதித்தது நல்ல காரியம். போன் கேமராவில் விரல் வைக்கச் சொல்லும் செயலிகளை நோயாளிக்குப் பயன்படுத்த வேண்டாம். குழந்தைகளின் சின்ன விரலுக்குப் பெரியவர்களின் கிளிப் சரியாகப் பொருந்தாது. அதற்குத் தனி சென்சார் உண்டு. ஏஏஏ பேட்டரி இரண்டையும் பயன்படுத்தாத மாதங்களில் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.