தருமபுரி – ஓசூர், இராயக்கோட்டை வழிப் பேருந்து: ஒரு பயணியின் மதிப்பீடு

தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. கிருஷ்ணகிரி வழியாக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் செல்வது ஒன்று. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை, உத்தனப்பள்ளி ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்வது மற்றொன்று. வேலை நிமித்தமாகப் பல ஆண்டுகளாக இரண்டிலும் பயணம் செய்து வருபவன் என்ற முறையில், அவசரம் இல்லாத நாளில் இராயக்கோட்டை வழியையே நான் பரிந்துரைப்பேன்.

மாநில நெடுஞ்சாலைப் பட்டியலில் 17ஆம் எண் பெற்றிருந்த மாலூர் – ஓசூர் – அதியமான்கோட்டைச் சாலையின் பெரும்பகுதி இது. பின்னர் 844ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டு, பாரத்மாலா திட்டத்தின் கீழ் நான்கு வழிச் சாலையாக விரிவாக்க எடுத்துக்கொள்ளப்பட்டது. சாலை அதியமான்கோட்டையில் தொடங்கினாலும், பேருந்து தருமபுரி நகரிலிருந்து புறப்படுவதால் அதன் முதல் சில கிலோமீட்டர்களைப் பயணிகள் காண்பதில்லை. சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களைப் பார்க்க விரும்புவோர் அதியமான்கோட்டைக்குத் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

பாலக்கோடு வரையிலான பயணம் சமவெளிப் பயணம். இருக்கை கிடைத்தால் சிரமம் இல்லை. பாலக்கோட்டில் பேருந்து நிற்கும் நேரம்தான் நாளுக்கு நாள் மாறுகிறது. ஐந்து நிமிடமா, இருபது நிமிடமா என்பதைப் பயணிகளுக்கு யாரேனும் சொல்லிவிட்டால், முதியவர்கள் நிம்மதியாக இறங்கித் தேநீர் குடித்துவிட்டு ஏறுவார்கள்.

மாரண்டஅள்ளியைத் தாண்டியதும் பயணத்தின் தன்மையே மாறிவிடுகிறது. ஓசூர், தருமபுரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியை இராயக்கோட்டையை நெருங்கும் இந்தப் பாதையில்தான் பேருந்து ஏறுகிறது. வெயில் காலத்தில்கூட இங்கு சன்னல் வழியே வரும் காற்றில் ஒரு மாற்றம் தெரியும். பாறைக் குன்றின் மேல் கோட்டை தெரியத் தொடங்கும்போது, இந்தச் சாலை எதற்காக உருவானது என்பதும் விளங்கிவிடும். கீழே இருக்கும், பாராமகால் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி நிலப்பகுதியிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் வாசல் இதுதான். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791இல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இக்கோட்டையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியிடம் வந்தபோதும், ஓசூர்ப் பகுதி திப்பு சுல்தானிடமே இருந்தது. ஆகவே 1792 முதல் 1799 வரை இராயக்கோட்டை எல்லைப்புறக் கோட்டையாக விளங்கியது. 1799 மார்ச் மாதத்தில் தளபதி ஹாரிஸ் தலைமையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்ற பெரும்படையும் இராயக்கோட்டை வழியாகத்தான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. ஒரு பயணச்சீட்டின் விலையில் இவ்வளவு வரலாற்றை ஒட்டிச் செல்லும் பேருந்துத் தடம் நம் மாவட்டங்களில் வேறு இருப்பதாக நான் கருதவில்லை.

இதே வழியில் ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதையும் இருந்தது. பஞ்ச காலங்களில் தானியம் கொண்டுவர உதவும் என்பதற்காக 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் போடப்பட்ட அந்தப் பாதை, 1913இல் ஓசூர் வரை நீண்டு, உலகப் போரின்போது 1941இல் மூடப்பட்டது. அதன் பிறகு நெடுங்காலம் இவ்வூர்களுக்குச் சாலை மட்டுமே துணையாக இருந்தது. இப்போது சேலம் – பெங்களூரு ரயில் இங்கு ஓடினாலும், நினைத்த நேரத்தில் ஏறி இறங்கப் பேருந்தையே மக்கள் நம்புகிறார்கள்.

அவர்களுடன் பயணம் செய்வதே இத்தடத்தின் சிறப்பு என்பேன். பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் பெரிய தக்காளி மண்டிகள் இருப்பதால், காலை நேரத்தில் சரக்கை விற்றுவிட்டுப் பணத்துடன் ஊர் திரும்பும் விவசாயிகள் ஏறுகிறார்கள். அன்றைய விலை நிலவரத்தைப் பேருந்திலேயே அறிந்துகொள்ளலாம். உத்தனப்பள்ளியை நெருங்கும்போது தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் கலந்து காதில் விழும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாலை நேரத்தில் கூட்டம் மிகுதி. நின்றுகொண்டே மேட்டுப்பாதையில் ஏறுவது குழந்தையுடன் வரும் பெண்களுக்குக் கடினம். சாலையோரம் முன்பு அடர்ந்திருந்த புளிய மரங்கள் குறைந்துவிட்டதால் பல நிறுத்தங்களில் ஒதுங்க நிழல் இல்லை. இவற்றைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஒரு முறை இரவில் நான் ஏறிய பேருந்து, நேரமாகிவிட்டது என்று கூறி ஊருக்குள் செல்லாமல் புறவழிச் சாலைப் பிரிவிலேயே எங்களை இறக்கிவிட்டது. மூட்டையுடன் வந்த ஒரு மூதாட்டியும் நானும் விளக்கில்லாத சாலையில் ஊர்வரை நடந்தோம். அகன்ற புதிய சாலையால் ஓசூர் செல்பவருக்குச் சில நிமிடங்கள் மிச்சமாகும் என்பதை மறுக்கவில்லை; ஆனால் பாலக்கோட்டிலும் மாரண்டஅள்ளியிலும் காத்திருப்பவர்களுக்கு ஊருக்குள் வரும் பேருந்துதான் தேவை. இரவுப் பேருந்தில் ஏறுவோர், பயணச்சீட்டு வாங்கும் முன்பே, வண்டி பேருந்து நிலையத்துக்குள் செல்லுமா என்று நடத்துநரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.