வாசக்கால நகர்த்தணுமா? ஒரே வீட்டுக்கு நாலு வழி போட்டுப் பாத்த கதை

எங்க வீடு மடிப்பாக்கத்துல இருக்கு, 1994ல அப்பா கட்டினது, தெற்கு பாத்த வீடு. முன் செவுரு 27 அடி, நட்ட நடுவுல தலைவாசல். கட்டுனப்ப வீட்ல இருந்தது ஒரு சைக்கிளும் ஒரு டிவிஎஸ் 50யும்தான், அதனால நடு வாசல் ஜம்முனு இருந்துச்சு. இப்ப போர்டிகோல கார் நிக்குது, பம்பருக்கும் படிக்கும் நடுவுல ஒண்ணே கால் அடிதான், மழை நாள்ல காரை முதுகாலயே தொடச்சிக்கிட்டு உள்ள வர்றோம். அப்பாவுக்கு வாக்கர் வந்தப்புறம் அந்த சந்துல திரும்பவே முடியல. அதான் ரெனவேஷனோட சேத்து வாசலையும் மாத்திடலாம்னு இறங்கினோம்.

முதல்ல ஒண்ணு. உங்க வீடு பில்லர் போட்ட வீடா இல்ல செவுரே பாரம் தாங்குற வீடான்னு தெரியாம வாசலப் பத்தி பேசவே பேசாதீங்க. பில்லர் வீட்ல செவுரு வெறும் அடைப்புதான், எங்க வேணா ஓட்டை போடலாம், மேல லிண்டல் (ஓட்டைக்கு மேல பாரம் தாங்குற காங்கிரீட் கட்டை) ஒழுங்கா இருந்தா போதும். எங்களது 9 இன்ச் செவுரு, பில்லரே கிடையாது, மேல மாடி ரூம் வேற. அந்தப் பாரம் முழுக்க இந்த செங்கல் வழியாத்தான் கீழ இறங்குது.

வாசல சும்மா விட்டுட்டு கேட்டையும் காரையும் மட்டும் ஓரமா தள்ளலாம்ங்கறது முதல் யோசனை. போர்டிகோ தூண் குறுக்க நிக்குது, முடிஞ்சுது கதை. தூண் இல்லாதவங்க தயவு செஞ்சு இத முதல்ல பாத்துருங்க, ஒரு செங்கல் கூட ஒடைக்க வேண்டாம்.

ரெண்டாவது, மச்சான் கூட்டிட்டு வந்த வாஸ்துக்காரர் சொன்னது. செவுர 9 பாகமா பிரிச்சாரு, பாகத்துக்கு 3 அடி, வாசல் இப்ப அஞ்சாம் பாகத்துல நடுவுல இருக்காம், கிழக்கால ஒரு பாகம் நகர்த்தி நாலுக்கு கொண்டு வந்தா போதும்னாரு. மூணே மூணு அடிதானே சார், எவ்ளோ ஈசின்னு நாங்களும் தலையாட்டினோம். மேஸ்திரி டேப்ப கீழ வெச்சிட்டு சிரிச்சாரு, "சார், ஒரேடியா தள்ளிப் போறதுன்னா ஒத்துக்கலாம், இந்த மூணு அடிதான் ஆள கொல்லும்"னாரு.

அவரு சொன்னது மொதல்ல எனக்கும் புரியல, தரையில சாக்பீஸ்ல வரைஞ்சு காட்டினப்புறம்தான் புரிஞ்சுது. நிலை மூன்றரை அடி அகலம். அத மூணு அடி நகர்த்துனா புது ஓட்டையும் பழைய ஓட்டையும் அரை அடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. பழைய லிண்டல் ரெண்டு பக்கமும் செவுத்துக்குள்ள முக்கா அடி உக்காந்திருக்கும்ல, அதுல கிழக்குப் பக்கம் உக்கார்ற எடத்ததான் நாம வெட்டப் போறோம். அப்ப பழைய லிண்டல் ஒரு கால் இல்லாத பெஞ்சு மாதிரி ஆயிடும். அதனால ரெண்டு ஓட்டைக்கும் சேத்து ஒரே லிண்டலா, ஆறரை அடியும் ரெண்டு பக்கம் முக்கா முக்கா அடியும், மொத்தம் 8 அடிக்கு புதுசா போடணும். அதுக்கு உள்ளயும் வெளியவும் ஸ்லாபுக்கு ஜாக்கி முட்டு குடுத்து, செவுர பாதி பாதியா வெட்டி, கம்பி கட்டி காங்கிரீட் போட்டு, முட்ட 14 நாள் எடுக்காம வெச்சிருக்கணும், அத்தன நாளும் ஹால்ல மனுஷன் நடக்க முடியாது. இது போதாதுன்னு கிழக்கால இருக்குற ஜன்னலுக்கும் புது வாசலுக்கும் நடுவுல மிஞ்சுற செவுரு ஒண்ணே கால் அடிதான், மாடி ரூம் பாரத்த அந்த ஒல்லி துண்டு மேல நம்பி விட முடியாதுன்னு இன்ஜினியர் ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. எல்லாம் பண்ணி பழைய ஓட்டைய செங்கல் வெச்சு அடைச்சாலும் புது கட்டு காஞ்சு சுருங்கும், பழைய செவுரு சுருங்காது, பல் விட்டு (பழைய செங்கலோட கோத்து) கட்டி கோழி வலை அடிச்சு பூசினாலும் ரெண்டும் சேர்ற எடத்துல மயிரிழை விரிசல் வர வாய்ப்பு இருக்கு. சித்தப்பா வீட்ல வந்துருச்சு, மூணு தடவ பெயின்ட் அடிச்சும் காலண்டர் மாட்டித்தான் மறைச்சிருக்காங்க.

மூணாவது கிழக்கு சந்து. 5 அடி அகல சந்துல பக்கவாட்டு வாசல் வைக்கிறது. உண்மையச் சொன்னா அப்பாவுக்கு இதுதான் பெஸ்ட், ஏன்னா சரிவுப் பாதை. தரை மட்டத்துல இருந்து வீட்டுத் தரை ஒன்றரை அடி உயரம், 12 அடிக்கு 1 அடின்னு சரிவு வைக்கணும்னா 18 அடி நீளம் வேணும், முன்னாடி அவ்ளோ எடம் ஏது, சந்துலன்னா நேரா போட்டுறலாம். ஆனா அதே சந்துலதான் செப்டிக் டேங்க் மூடி இருக்கு. மேல சரிவு போட்டு மூடிட்டா லாரிக்காரன் எத தொறப்பான்? அம்மா அதுக்கும் முன்னாடியே, "மருமகள கூட்டிட்டு வர்றப்ப கக்கூஸ் தொட்டி மேல ஏறியா விளக்கேத்த வரச் சொல்லுவ?"ன்னு கேட்டு வாய அடைச்சிட்டாங்க. சென்னையில ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்குலேர்ந்துதான் அடிக்கும், கிழக்கு வாசலுக்கு மேல நல்ல நீட்டமா ஷெட் போடலேன்னா கதவு ஊறி உப்பிரும். அஞ்சடி சந்துல நீட்டினா தண்ணி பக்கத்து வீட்டு காம்பவுண்ட்ல ஊத்தும், அந்தச் சண்ட தனி. (தெற்கு வாசல்னா வெயில்னு ஒரு பேச்சு இருக்கு. ஏப்ரல் கடைசிலேர்ந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் நம்ம ஊர்ல மத்தியான சூரியன் வடக்கால சாஞ்சுதான் நிக்குது, கோடையில தெற்கு வாசல்ல உச்சி வெயில் நேரா விழாது.)

நாலாவதுதான் நாங்க செஞ்சது. கிழக்கால 4 அடி அகலத்துல ஜன்னல் இருக்குன்னு சொன்னேன்ல, அத வாசலாக்கி பழைய வாசல ஜன்னலாக்குறது. நம்ம ஊர் வீடுகள்ல ஜன்னல் லிண்டலும் கதவு லிண்டலும் பொதுவா ஒரே 7 அடி மட்டத்துலதான் ஓடும், எங்க வீட்லயும் அப்படித்தான். அதனால லிண்டல் ஏற்கனவே மேல ரெடியா நிக்குது. ஜன்னலுக்கு கீழ இருக்குற மூணடி செவுரு மேல எந்த பாரமும் வரல, லிண்டல் எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் இறக்கிடுது, அதனால கீழ இருக்குறத கட்டர்ல ரெண்டு கோடு போட்டு அறுத்து எடுத்தா வேலை முடிஞ்சுது. முட்டு வேண்டாம், ஜாக்கி வேண்டாம். பழைய வாசல்லயும் மேல வரைக்கும் அடைக்க வேண்டியதில்ல, மூணடி மட்டும் கட்டி மேல ஜன்னல், பழசும் புதுசும் சேர்ற ஒட்டும் ஜன்னல் கட்டைக்குக் கீழயே நின்னுருது. கொத்தனார் ரெண்டு பேர், சித்தாள் ஒருத்தர், ஆசாரி, ஆறு நாள்ல முடிஞ்சுது. தலைவாசல்ல நின்னா கொல்லை வரைக்கும் நேரா காத்து ஓடுமே, அதுவும் போகல, இப்ப ஜன்னல் வழியா ஓடுது.

குறையே இல்லையான்னா, இருக்கு. மொசைக் தரையில கதவு இருந்த எடம் தழும்பு மாதிரி தெரியுது, அந்த மொசைக் சிப்ஸ் கலர் இப்ப எங்க தேடியும் கிடைக்கல. ஜன்னலுக்கு அடியில செவுத்துக்குள்ள ஒரு பழைய வயர் பைப் போறது யாருக்கும் தெரியாது, கட்டர் பட்டு பியூஸ் போச்சு, நல்லவேளை ஆளுக்கு ஒண்ணும் ஆகல, நீங்க வெட்டுறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணிருங்க. வாஸ்துக்காரர் நாலாம் பாகத்துல வரலயேன்னு முகத்த சுளிச்சாரு, அம்மா நல்ல நாள் பாத்து அடியில நவதானியமும் காசும் போட்டு நிலைய நிறுத்திட்டாங்க, அதோட அவரும் சரின்னுட்டாரு.

இன்னொண்ணு, ரோடு ஏறிப்போச்சுன்னு வீட்டுத் தரையவும் ஒசத்தப் போறீங்கன்னா இந்தக் கணக்கு செல்லாது. 9 இன்ச் ஒசத்தினா 7 அடி வாசல் ஆறே கால் அடி ஆயிடும், அதுல மேல் கட்டை கனம் வேற போயிடும். அப்ப லிண்டல ஒடைச்சே ஆகணும், ரெண்டாவது வழியோட தலைவலி எல்லாம் திரும்பி வரும்.

நிலை பழசேதான். அப்பா வாங்கின தேக்கு, செவுத்துல பதிஞ்சிருந்த கொம்பு (நிலையோட நீட்டிட்டு இருக்குற முனை) ரெண்டும் எடுக்குறப்ப ஒடைஞ்சுது, ஆசாரி அத சீவிட்டு புது கிளாம்ப் அடிச்சாரு. ஜன்னல் 4 அடி, நிலை மூன்றரை, ரெண்டு பக்கமும் 3 இன்ச் காங்கிரீட் ரொப்பினோம். அப்பாவோட சரிவுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கல, இப்போதைக்கு படிய அகலமாக்கி, உயரத்தக் குறைச்சு, ரெண்டு பக்கமும் ஸ்டீல் கைப்பிடி போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கோம்.