ஃபைல்ஜில்லா: இரண்டை ஐந்தாக்கினால் போதும்

கோத்தகிரியில் கல்யாண ஆல்பம் வேலை எனக்கு. படங்களைக் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பிரிண்டிங் லேபின் எஃப்டிபி சர்வருக்கு (நெட் வழியாக ஃபைல்களை வாங்கி வைக்கும் கம்ப்யூட்டர்) ஏற்றியாக வேண்டும், அதற்குப் பல வருஷமாக ஃபைல்ஜில்லா என்கிற சாஃப்ட்வேர்தான். இலவசம், 2001இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, முகம் இன்னும் அந்தக் காலத்து முகமேதான். நல்ல சாஃப்ட்வேர், ஆனால் இன்ஸ்டால் செய்த கையோடு அப்படியே ஓட்டினால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

தொடக்கத்தில் அது ஒரே நேரத்தில் 2 ஃபைல்தான் அனுப்பும். பெரிய வீடியோ என்றால் அதில் குறையில்லை, ஒரு ஃபைலே லைனை நிரப்பிவிடும். பார்ட்டிக்குக் காட்டும் சின்ன புரூஃப் படங்கள் மூவாயிரம், ஒவ்வொன்றும் 150 கேபி என்று வரும்போதுதான் தலைவலி. ஒவ்வொரு படத்துக்கும் 'அனுப்பட்டுமா', 'அனுப்பு', 'வந்து சேர்ந்தது' என்று சர்வரோடு தனித்தனியாகப் பேசி முடிக்க வேண்டும், அந்தப் பேச்சு நடக்கிற நேரமெல்லாம் லைன் சும்மா கிடக்கும். செட்டிங்ஸுக்குள் டிரான்ஸ்ஃபர்ஸ் என்று இருக்கும், அங்கே அந்த 2-ஐ 5 ஆக்கினேன், முன்பு இருபது நிமிஷம் இழுத்தது எட்டு நிமிஷத்தில் முடிந்தது. வீடியோவில் ஒரு நிமிஷம்கூட மிச்சமாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

10 வரை ஏற்றலாம். ஆசைப்பட்டு ஏற்றிப் பார்த்தேன், லேப் சர்வர் 421 என்று ஒரு சிவப்பு வரியைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டது, ஒரே ஆளிடமிருந்து இத்தனை இணைப்பு கூடாதாம். 5 பத்திரம்.

அப்புறம் வேகக் கட்டுப்பாடு. வேகம் வேண்டும் என்கிறவன் எதற்குக் கட்டுப்பாடு போட வேண்டும் என்று நானும் கேட்டவன்தான். அப்லோடு முழுசாக நிரம்பினால் மேலே போக வேண்டிய சின்னச் சின்னப் பதில்கள் வரிசையில் மாட்டிக்கொள்கின்றன, வீட்டில் பையனின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வரும். என் லைன் அப்லோடு 20 எம்பிபிஎஸ். இங்கேதான் பலரும் தப்புப் பண்ணுவார்கள், ஃபைல்ஜில்லா கேட்பது பிட் கணக்கு இல்லை, பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் எட்டால் வகுக்க வேண்டும். 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குச் சுமார் 2,400 கேபி, நான் 2,000 போட்டேன். கொஞ்சம் மெதுவாகிறது, பையன் கத்துவது நின்றது.

இதையெல்லாம் நோண்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்: வைஃபையை விட்டு லேப்டாப்பில் லேன் கேபிளைச் செருகுங்கள். எங்கள் பழைய வீட்டின் கல்சுவரைத் தாண்டி வருவதற்குள் சிக்னல் நொண்டியடித்துவிடுகிறது, அதை எந்த செட்டிங்கும் சரி செய்யாது.

ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும். ஃபைல் ஏற்கெனவே இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் அப்லோடுக்கு 'ரெஸ்யூம்' வைத்துவிடுங்கள். போன வாரம் 4 ஜிபி வீடியோ பாதியில் நின்றது, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே ஏறியது.