தங்கச்சிமடத்தில் வாடகைக்கு: தளம் போட்ட வீடா, ஓட்டு வீடா?

போன வருஷம் வைகாசியில் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் வீடு தேடி அலைந்ததில் கடைசியாக இரண்டு தேறின. ஒன்று ரோட்டடியில், கட்டிப் பதினைந்து வருஷமான, காங்கிரீட் தளம் போட்ட வீடு. டைல்ஸ் தரை, உள்ளேயே குளியலறை. இன்னொன்று உள்ளே தள்ளி, பனங்கை (பனைமரச் சட்டம்) போட்ட பழைய ஓட்டு வீடு. குளியலறை கொல்லைப்பக்கம். வாடகையில் ஐந்நூறு ரூபாய்தான் வித்தியாசம். நான் ஓட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை.

தண்ணீர், கரண்ட் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கிணறு உப்பு, காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் உண்மை தெரியும். ப்ளக் பாயிண்ட் துளைக்குள் பச்சை பூத்திருந்தால் மாற்றித் தரச் சொல்ல வேண்டும். கரண்ட் கசிந்தால் தானே அணைகிற ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

விஷயம் கூரையில் இருக்கிறது. இதற்கு முன்பு மண்டபம் ஊரில் தளம் போட்ட வீட்டில் நான்கு வருஷம் இருந்தோம். ஒருநாள் மத்தியானம் தோசைக்கல் அகலத்துக்குக் காரை பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. நல்லவேளை, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தான். அண்ணாந்து பார்த்தால் கம்பி அடுக்கடுக்காக உரிந்து தொங்கியது. கடலோரத்து உப்பு காற்றோடு நுழையும். உப்புத் தண்ணீரிலோ கடல் மணலிலோ கலவை போட்டிருந்தால் கட்டும்போதே உள்ளே குடியேறியிருக்கும். கம்பி துருவேறினால் பருக்கும். பருத்தால் கீழே இருக்கிற காங்கிரீட்டை நெட்டித் தள்ளும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று இது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். வாடகை வீட்டுக்கு யார் போடுவார்?

அதனால் ரோட்டடி வீட்டில் நான் முதலில் கேட்டது ஒட்டடைக் கம்பு. தளத்தைத் தட்டிக்கொண்டே போனேன். ஹாலில் 'ணங் ணங்'. படுக்கையறையில் ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் இரண்டு சாண் அளவுக்கு 'டொப் டொப்', உள்ளே காரை விட்டிருந்தால் வருகிற சத்தம். அந்த இடத்தில் மட்டும் வெள்ளை புதுசாக இருந்தது. கொக்கியைச் சுற்றிப் பழுப்புக் கறை. "மேல்பூச்சுதான் தம்பி, ஒண்ணும் செய்யாது" என்றார் வீட்டுக்காரர். இருக்கலாம், நான் கொத்தனார் இல்லை. ஆனால் துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் மறுபடி பெயரும் என்று மண்டபத்தில் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

ஓட்டு வீட்டில் ஒளிவு மறைவு கிடையாது. உச்சிவெயிலில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். மூன்று இடத்தில் வெளிச்சம் ஊசியாக இறங்கியது. மூன்று ஓடு, அவ்வளவுதான் கணக்கு. பனங்கை சுவரில் உட்காரும் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். வைரம் பாய்ந்த பனங்கை இறங்கவே விடாது. அடுப்படி மூலையில் ஒன்று மட்டும் சொதசொதவென்று உள்ளே போனது, கரையான் மண்ணும் இருந்தது. காட்டினேன்; குடிவரும் முன்பே மாற்றிக் கொடுத்தார்கள். முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர் என்பதால் வெள்ளை பொரிந்து உதிரும். அது வெறும் அழுக்குத்தான். ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன், அடுப்படி ஜன்னல் துருவேறி அசையவில்லை. கேஸ் கசிந்தால் தரையோடு தங்கும் என்பதால் கதவடி இடுக்கையும் பார்த்துக்கொண்டேன்.

வழக்கமாகக் கட்டுமானப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரி சில்லறை வேலை நம்முடையது. தளத்துப் பழுதுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தவன் நான். ஓடு உடைந்தால் ஏணி போட்டு ஒரு ஆள் ஏறினால் முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. தேள் இரண்டு முறை வந்தது. வாடைக்காற்றில் முகட்டு ஓடு நகர்ந்து அரிசி மூட்டை நனைந்தது. நான் இங்கே பார்த்தது ஒரே ஒரு வாடைக்காலம், புயல் பார்க்கவில்லை. 1964-இல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன மாதிரி ஒன்று வந்தால் ஓட்டை நம்ப மாட்டேன், எதிர்த்த தளத்து வீட்டுக்குத்தான் ஓடுவேன். நல்ல தண்ணீரில் கலவை போட்டு, கட்டி நாலைந்து வருஷமே ஆன தளத்து வீடு கிடைத்திருந்தால் என் முடிவும் வேறாக இருந்திருக்கும்.

ராத்திரி டார்ச் பிடித்துக் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் வீட்டம்மா ரோட்டடி வீட்டை நினைவுபடுத்துவாள். அங்கே இப்போது ஆள் வந்துவிட்டது. கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை.