பாகம்பிரியாளை அறியாத பெயர்ச் செயலி

தொண்டியில் இருக்கும் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, அத்தை என்ற முறையில் பெயர் சூட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் அப்பத்தாவின் பெயரான பாகம்பிரியாள் என்பதையே குழந்தைக்கு வைக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களின் விருப்பம். சென்னையில் பிறந்து வளர்ந்த தம்பி மனைவி அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது, இன்றைக்கு வேறு யாருக்காவது அந்தப் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்விகள்தாம் அவை. இந்த மூன்றுக்கும் விடை தருவதாகச் சொல்லும் குழந்தைப்பெயர்ச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, 199 ரூபாய் கட்டி அதன் ‘பெயர் அறிக்கை’யையும் வாங்கிப் பயன்படுத்தினேன். இதே வகையான வேறு செயலிகளிலும் இதே விளக்கங்கள் சொல் மாறாமல் இருப்பதைக் கண்டதால், ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட விரும்பவில்லை.

செயலியின் இலவசப் பகுதியைப் பற்றிப் பெரிய குறை சொல்வதற்கில்லை. முதலெழுத்து, நட்சத்திரம், சமயம், பெயரின் நீளம் என்று பிரித்துத் தேடலாம். பிடித்த பெயர்களைச் சேர்த்துவைத்து வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பலாம். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் பட்டியல் திறக்கும். கடற்கரையை ஒட்டிய எங்கள் பகுதியில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் இந்தக் கடைசி வசதியை நான் உண்மையாகவே பாராட்டுகிறேன். துபாயில் இருக்கும் இளைய தம்பியும் பட்டியலைப் பார்த்துத் தன் விருப்பத்தைத் தெரிவிக்க முடிந்தது. விளம்பரங்கள் அளவுக்கு மீறி வருகின்றன. இரண்டெழுத்து, மூன்றெழுத்தில் புதிதாக ஒரு பெயர் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே போதும்.

கட்டணம் கட்டிப் பெறும் அறிக்கையில்தான் சிக்கல் தொடங்குகிறது. பாகம்பிரியாள் என்ற பெயருக்கு அது தரும் பொருள் ‘பாக்கியத்தை விரும்புபவள்’ என்பது. தோற்றம் ‘வடமொழி’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. பெயரை ‘பாக்ய’ என்றும் ‘ப்ரியா’ என்றும் வெட்டி, இரண்டுக்கும் அகராதியில் கிடைத்ததைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. பெயரின் இறுதியில் நிற்கும் ‘ள்’ எதற்காக இருக்கிறது என்று ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

பாகம் என்பது பங்கு. அந்தச் சொல் வடமொழியிலிருந்து வந்ததுதான். ஆனால் பிரியாள் என்பது ‘பிரி’ என்ற தமிழ் வினையின் எதிர்மறை வடிவம். பிரியாதவள் என்று பொருள். ஆகவே பாகம்பிரியாள் என்றால் இறைவனின் உடலில் தனக்குரிய பாகத்தை விட்டுப் பிரியாதவள். அதாவது, மாதொருபாகனாக நிற்கும் சிவபெருமானின் இடப்பாகத்தில் நீங்காமல் இருக்கும் உமை. பிருங்கி முனிவர் அம்மையை விலக்கி இறைவனை மட்டும் வலம்வந்தார் என்றும், அதன்பின் அம்மை தவமிருந்து இறைவனின் பாதி உடலைப் பெற்றாள் என்றும் சொல்லப்படும் கதையை அறிந்தவர்களுக்கு, இந்தப் பெயரில் இருக்கும் உறுதி புரியும். ‘பிரியாமை’ என்ற இந்தக் கருத்து நம் கோயில் வழக்குக்குப் புதிதும் அன்று. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் சுந்தரேசுவரருடன் எழுந்தருளும் அம்மையின் பெயர் பிரியாவிடை. அந்தப் ‘பிரியா’வை யாரும் ‘அன்புக்குரிய’ என்று படிப்பதில்லை. திருவண்ணாமலை உண்ணாமுலையம்மையின் பெயரிலும் இதே எதிர்மறை இலக்கணந்தான் இருக்கிறது. விரும்புகிறவளுக்கும் பிரியாதவளுக்கும் உள்ள தொலைவு பெரிது; பெயர் தாங்கப்போகும் பெண்ணிடம் ஒருநாள் பொருள் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் இதைச் சிறு பிழையாகக் கருத என்னால் முடியவில்லை.

தோற்றம் என்ற பகுதியில் மொழியை மட்டும் குறிப்பிட்டு நிறுத்திக்கொண்டதும் பெரிய குறை. ஒரு பெயர் எந்த மொழிச்சொல் என்பதைக் காட்டிலும், எந்த ஊர் மக்கள் எதற்காக அதைத் தங்கள் பெண்களுக்கு வைத்தார்கள் என்பதே பெற்றோர் கேட்கும் கேள்வி. இந்தப் பெயருக்கு அந்த விடை தெளிவாகவே இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில், தொண்டிக்கு அருகே, திருவெற்றியூர் என்ற ஊர் உள்ளது. அங்கே இறைவன் வல்மீகநாதர். பழம்புற்றுநாதர் என்று தமிழில் சொல்வார்கள். ஆனால் கோயில் மக்கள் வாயில் வழங்குவது அம்மன் பெயரால். ‘பாகம்பிரியாள் கோயில்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை இரவே வந்து கோயிலில் தங்கி, வெள்ளிக்கிழமை காலையில் வாசுகி தீர்த்தத்தில் நீராடி அம்மனை வணங்கிச் செல்வது இங்குள்ள வழக்கம். விஷக்கடிக்கும் தீராத நோய்க்கும் வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. (பாம்பு கடித்தவரை முதலில் மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்ல வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், வேண்டுதலை அதன்பின் செலுத்தலாம்.) நோய் தீர்ந்து பிழைத்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் பெண்ணுக்கு அம்மன் பெயரை வைப்பதாக நேர்ந்துகொள்வார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு இந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயில் அம்மனுக்கும் பாகம்பிரியாள் என்ற பெயர் உண்டு. ஆனால் சேதுநாட்டுக் கரையில் இந்தப் பெயர் பெண்களிடம் வழங்குவதற்குத் திருவெற்றியூரே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அறிக்கையில் இந்த இரண்டு ஊர்களில் ஒன்றுகூட இல்லை.

இது ஒரு பெயருக்கு மட்டும் நேர்ந்த குறையா என்று அறிய, எங்கள் பகுதிக்கே உரிய வேறு சில பெயர்களையும் தேடினேன். இராமேசுவரத்து அம்மையான பர்வதவர்த்தினி இருந்தது. திருவாடானை ஆதிரத்தினேசுவரர் கோயில் அம்மையான சிநேகவல்லி இருந்தது. ஆனால் ஊர் பெயர் இல்லை. தனுஷ்கோடி செல்லும் வழியில் கோயில் கொண்டிருக்கும் நம்புநாயகி அறவே இல்லை. இராமேசுவரம் தீவில் நம்பு என்று தொடங்கும் பெயர்களை ஆண்களிடமும் பெண்களிடமும் எத்தனையோ கேட்கலாம். நாச்சியார் என்ற பெயரைச் செயலி ‘இந்து’ என்ற பிரிவில் மட்டும் வைத்திருக்கிறது. இராமநாதபுரம் அரண்மனையில் 1730ஆம் ஆண்டு பிறந்த வேலு நாச்சியாரின் பெயரிலும் அது இருக்கிறது. கீழக்கரை முதலிய ஊர்களில் இசுலாமியப் பெண்களின் பெயரோடும் ‘நாச்சியா’ என்று சேர்ந்து வருகிறது. சமயவாரியாகப் பெயர்களைப் பிரித்து வைக்கும் முறை இந்தக் கரையோரத்து வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை.

அடுத்தது, எவ்வளவு பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்ற கேள்வி. அறிக்கை இதற்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்து, ‘மிக அரிதான பெயர்’ என்று முடிக்கிறது. எதை எண்ணி அந்த மதிப்பைக் கொடுத்தார்கள் என்று எங்கும் சொல்லவில்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், 1880 முதற்கொண்டு பிறந்த குழந்தைகளின் பெயர்களை ஆண்டுவாரியாக எண்ணி வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் ஐவருக்கும் குறைவாக வைக்கப்பட்ட பெயர்களை மட்டும் தனியுரிமை கருதி விட்டுவிடுகிறது. நம் நாட்டில் பிறப்புகள் பதிவு செய்யப்பட்டாலும், பெயர்வாரியான அப்படிப்பட்ட அரசுப் பட்டியல் வெளிவருவதில்லை. எனவே நம் ஊர்ப் பெயர்களுக்குச் செயலிகள் தரும் நட்சத்திரங்களை நம்பி ஒரு பெயரைக் கைவிடவோ ஏற்கவோ கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மாற்றாகச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. தேர்தல் ஆணையம் வெளியிடும் வாக்காளர் பட்டியலில் பாகம் பாகமாகப் பெயரும் வயதும் தமிழிலேயே இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். எங்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்ந்த பாகங்களை நானும் தம்பி மனைவியும் உட்கார்ந்து படித்தோம். வயதான பெண்களிடையே பாகம்பிரியாள் திரும்பத் திரும்ப வந்தது. வயது இறங்க இறங்கக் குறைந்தது. இளம்பெண்களிடையே ‘பாகம்பிரியா’ என்ற வடிவம் தலைகாட்டியது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை இது அரிதான பெயர் அன்று. ஒரு காலத்தில் நிறைய வழங்கி, இப்போது குறைந்துவரும் பெயர். வெளியூர்க்காரருக்கு அது அரிதாகத் தோன்றுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மாமியாரின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்ற பழைய வழக்கத்தால், பாட்டியின் பெயர் வைக்கப்பட்ட பேத்திகளை வீட்டில் வேறு பெயரால்தான் அழைப்பார்கள். ஏட்டில் பாகம்பிரியாளாக இருப்பவள் தெருவில் ராணியாகவோ செல்வியாகவோ இருப்பாள்.

செயலி ‘நவீன வடிவம்’ என்று பரிந்துரைப்பது பாகப்ரியா. இளம் பெற்றோர் பாகம்பிரியா என்று சுருக்கிக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. அதிலாவது பிரியாவிடையின் பிரியா இருக்கிறது. பாகப்ரியாவில் அம்மனும் இல்லை, ஊரும் இல்லை.

நட்சத்திர எழுத்துப் பகுதியும் கவனமாகப் பார்க்க வேண்டியது. வழக்கமான அட்டவணையின்படி உத்திர நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்துக்கும் ‘ப’ வருகிறது. மூல நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்துக்கும் ‘ப’ வருகிறது. வடமொழியில் இவை இரண்டும் வேறு வேறு ஒலிகள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. செயலி இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், பாகம்பிரியாளை உத்திரத்துக்கு மட்டும் உரிய பெயராகக் காட்டுகிறது. இத்தகைய பொருத்தம் பார்க்கிற குடும்பத்தில் இந்த ஒரு குறிப்பாலேயே பெயர் விலக்கப்பட்டுவிடலாம். மேலும், மூலத்தில் பிறந்த பெண்ணைப் பற்றிய பழைய பழிச்சொல்லை அறிக்கை ஒரு எச்சரிக்கையாகவே எடுத்து அச்சிட்டிருக்கிறது. பிறந்த குழந்தையின் மீது இப்படி ஓர் அச்சத்தை ஏற்றுவதற்குப் பெற்றோரிடம் காசு வாங்குவது எனக்குக் கடும் வருத்தத்தைத் தந்தது. அந்தப் பக்கத்தை உருவாக்கியவர்கள் உடனே நீக்க வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னாளில் உண்மையான அலைச்சலைக் கொடுப்பது இதுதான். பாகம்பிரியாளின் முதலெழுத்தைப் பம்பாய் என்று எழுதும் ஆங்கில எழுத்தால் தொடங்குவோரும் உண்டு, பாண்டியன் என்று எழுதும் எழுத்தால் தொடங்குவோரும் உண்டு; இடையில் ‘பிரி’ என்பதற்கு உயிரெழுத்துச் சேர்ப்போரும் விடுவோரும் உண்டு. செயலி ஒரே ஒரு கூட்டலைக் காட்டி, அதற்கு எண்கணித மதிப்பும் போட்டு, இன்னொரு எழுத்தைச் சேர்த்தால் ‘அதிர்ஷ்டம் கூடும்’ என்கிறது. பெற்றோருக்கு அதைவிடத் தேவையான செய்தி வேறு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதற்கொண்டு பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆவணம். ஆகவே அவசரப்பட்டு ஒரு கூட்டலைக் கொடுத்துவிடாமல், தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று குடும்பத்தில் முடிவுசெய்து, தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. பெயர் தேடித் தரும் செயலி ஒன்றில் இந்தச் செய்தி ஒரு பக்கமாவது இருந்திருக்க வேண்டும்.

செயலியில் ‘திருத்தம் அனுப்புக’ என்ற பொத்தான் இருக்கிறது. பொருள், ஊர், நட்சத்திரம் ஆகிய மூன்றையும் விளக்கி எழுதி அனுப்பினேன். ‘பரிசீலிக்கிறோம்’ என்ற பதில் மரியாதையான தமிழில் வந்தது; இந்த மதிப்புரையை எழுதும் வரை பதிவு மாறவில்லை. மாற்றினால் இதையும் மாற்றி எழுதுவேன்.

இலவசப் பகுதியைப் பெயர்களைத் திரட்டவும் உறவினர்களோடு கலந்து பேசவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கட்டண அறிக்கையை, குறிப்பாகக் குலதெய்வத்தின் பெயரையோ ஊர் அம்மனின் பெயரையோ தேடுகிறவர்கள், வாங்க வேண்டாம். அந்தக் கோயிலின் குருக்களிடமும் வீட்டில் இருக்கும் மூத்த பெண்களிடமும் கேட்டால் அதைவிடச் சரியான விடை கிடைக்கும். என் மதிப்பீடு ஐந்துக்கு இரண்டு. தம்பி மனைவி திருவெற்றியூருக்கு ஒரு வியாழக்கிழமை எங்களோடு வந்து தங்கினாள். குழந்தையின் பெயரை, இறுதி ‘ள்’ விடாமல், அவளே விண்ணப்பத்தில் எழுதினாள்.