சிரட்டையில் பிட்டு, ஆணியில் பப்பாசி

வளவுக்கு வரும் குருவிகளுக்கு வீட்டிலேயே தீனி செய்யலாம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது கொழுப்புக் கட்டிதான். மாட்டுக் கொழுப்பையோ தேங்காயெண்ணெயையோ உருக்கி, தானியமும் கச்சானும் கலந்து, இறுகியதும் மரத்தில் தொங்கவிடுவது. பனி கொட்டும் நாட்டில் அது சரி. இரவுக் குளிரைத் தாங்கக் குருவிக்கு அவ்வளவு கொழுப்புத் தேவை. மட்டக்களப்புக் கல்லடியில் யாருக்குக் குளிர்கிறது?

இருந்தாலும் செய்து பார்த்தேன். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். இங்கே பகலில் நிழலே 30ஐத் தொட்டு நிற்கும். பிரிட்ஜில் கல்லாக இருந்த கட்டி, மாமரத்தில் கட்டி ஒரு மணித்தியாலம் ஆகமுதல் சிரட்டையில் குளமாகி, கச்சான் அதில் மிதந்தது. மிச்சம் மரத்தடி எறும்புக்கு. எண்ணெய் இறகில் பட்டால் தண்ணீர் ஒட்டாத தன்மை கெட்டுவிடும் என்பதால் அதோடு விட்டேன். மாட்டுக் கொழுப்பு உருக இன்னும் சூடு வேண்டும், கட்டி நிற்கும். ஆனால் வெயிலில் ஊசிப்போகும், காகம் முழுசாகத் தூக்கிக்கொண்டும் போய்விடும்.

அடுத்தது நம்ம ஊர் வழி: பிட்டு. ஒரு கோப்பை வறுத்த அரிசி மாவுக்கு அரைக் கோப்பை குரக்கன் மா. கொதிதண்ணி விட்டுக் குழைத்து, கொத்தி, தேங்காய்ப்பூ நிறையப் போட்டு அவித்து ஆறவிட வேண்டும். உப்பு ஒரு கல்லும் கூடாது, சின்னச் சிறுநீரகம் அதைத் தாங்காது. அடுப்படிக்கு வந்த பக்கத்து வீட்டு மாமி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மனே, உப்பில்லாமப் பிட்டு? ஆருக்குப் பத்தியம்?" என்றா. புலுனிக்கு (தவிட்டுக்குருவிக்கு) என்றதும் சிரித்த சிரிப்பு மதிலுக்கு அங்கால கேட்டிருக்கும்.

புலுனி தரையில் தத்தித் தத்தி மேயும் சாதி. அதனால் சிரட்டையைத் தொங்கவிடாமல் கிணத்துக்கட்டில் வைத்தேன். ஒன்று வந்து பார்த்துக் கத்த, ஏழு வந்தன. தேங்காய்ப்பூவை முதலில் பொறுக்கின. அரிசி மா உதிரியை மணிப்புறா வந்து கூட்டி முடித்தது. குறை என்னவென்றால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், மிஞ்சியதை எடுத்துவிட வேணும். பூனைக்கும் கிணத்துக்கட்டு வசதி. தேங்காய்ப்பூ பச்சையாகத் திருவியதாக இருக்கட்டும்; கடையில் விற்கும் உலர்ந்த துருவல் வயிற்றுக்குள் போய் ஊதும்.

மூன்றாவது சமையலே இல்லை. பழுத்த பப்பாசியை நீட்டுப்பாட்டில் பிளந்து, வேலிக் கம்பு ஆணியில் குத்திவிடுவது. கொண்டைக்குருவி இரண்டு மாறி மாறிக் கொத்தி, பின்னேரம் பார்க்கத் தோல் மட்டும் தோணிபோலத் தொங்கியது. இடையில் குயிலும் வந்தது. தேன்சிட்டு மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுக்குச் செவ்வரத்தைப் பூ இருந்தால் போதும், சீனித்தண்ணி கரைக்கத் தேவையில்லை.

பாணை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. வயிறு நிரப்பும், வேறொன்றும் செய்யாது. கச்சான் போடுவதென்றால் உப்பில்லாததாக, பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்துப் போடுங்கள். பூஞ்சணக் கச்சான் நஞ்சு. ஆனைக்கொய்யாவும் (அவகாடோ) பறவைக்கு நஞ்சுதான், தோலைக்கூட வேலிப்பக்கம் எறியாதீர்கள்.

என் கணக்கில் தினமும் வைக்கப் பப்பாசி. புலுனியைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசையென்றால் பிட்டு. கொழுப்புக் கட்டி வேண்டவே வேண்டாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அனல் வீசும் மாதங்களில் பழத்தைவிட, பிட்டைவிட, ஒரு மண்சட்டித் தண்ணிக்குத்தான் கூட்டம் அதிகம்.

இப்போது வீட்டில் பிட்டு அவிக்கிற நாளில் மாவுக்குள் உப்புத்தண்ணி விடமுதல் ஒரு கை மா தனியாகப் போய்விடும். பக்கத்து மாமி வீட்டிலும் அப்படித்தானாம்.